புது வண்டிக்குப் பழைய சக்கரம் பொருந்துமா?

பட்டறைக் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, பழைய சக்கரத்தையோ பழைய டிரம்மையோ (பிரேக் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி) புது வண்டியில் ஏற்றுவதைப் பற்றியவை. அதனால் கார்புரேட்டர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 2022-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வைத்திருக்கிறேன். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு). வீட்டில் அப்பாவின் பழைய புல்லட்டின் 19 அங்குல சக்கரங்கள் இரண்டும் துருப்பிடிக்காமல் இருக்கின்றன. டயர் 3.25-19. அவற்றை அப்படியே கிளாசிக்கில் மாட்டலாமா? ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: நீங்கள் பயப்படும் இடத்தில் சிக்கல் இல்லை. உங்கள் வண்டியின் பின் டயர் 120/80-18. 18 அங்குலம் என்பது 457 மி.மீ.; அதோடு 120-இல் 80 சதவீதமான 96 மி.மீ. மேலும் கீழும் சேர்ந்தால் 649 மி.மீ. பழைய 3.25-19 டயரின் கணக்கு 483-உம் இரண்டு பக்கம் 82.5-உம், ஆக 648. ஒரு மி.மீ. வித்தியாசம் டயர் தேய்மானத்திலேயே வந்துபோகும். முன்பக்கம் 100/90-19 டயர் 663 மி.மீ. வரும். அங்கே 3.25 போட்டால் 15 மி.மீ. குறையும், அதாவது 2 சதவீதத்துக்குச் சற்று மேல்.

சிக்கல் டயரின் சுமையில் ஆரம்பிக்கிறது. டயர் பக்கத்தில் அளவுக்குப் பிறகு ஒரு எண் இருக்கும். 62 என்றால் 265 கிலோ, 54 என்றால் 212 கிலோ தாங்கும். உங்கள் பின் டயர் 62. கடையில் கிடைக்கும் 3.25-19 பெரும்பாலும் 54. வண்டி 195 கிலோ, இரண்டு பேர் 150 கிலோ என்று வைத்தால் மொத்தம் 345. பின்னால் ஆள் உட்கார்ந்தால் இதில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பின் சக்கரத்தில்தான் இறங்கும். அதுவே 207 கிலோ. ஒரு அரிசி மூட்டையைக் கட்டினால் எல்லை தாண்டிவிடும்.

அடுத்தது டிரம். பழைய புல்லட்டின் பின்பக்கத்தில் பிரேக் டிரம்மும் செயின் வீலும் ஒரே வார்ப்பு. அதில் டிஸ்க் தட்டு மாட்ட இடமே கிடையாது. காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) கழற்றிவிட்டு டிரம் பிரேக் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பிரேக் பிளேட் சுழலாமல் பிடிக்கும் டார்க் ராடுக்கு ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) கொக்கி வேண்டும், பிரேக் ராடுக்கு பெடல் வேண்டும், ஏபிஎஸ் சென்சாருக்குப் பல் வளையம் வேண்டும். உங்கள் ஸ்விங் ஆர்மில் இவற்றுக்கு ஏற்பாடு இல்லை. ஸ்விங் ஆர்மில் புதிதாகக் கொக்கியை வெல்டு வைக்கச் சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பிரேக் போடும்போது முழு இழுவையும் அந்த ஒரு கொக்கியில்தான் விழும். அது விட்டுப்போனால் பிரேக் பிளேட் சக்கரத்தோடு சுழன்று சக்கரத்தையே பூட்டிவிடும்.

முன்பக்கமும் அதே கதிதான். 300 மி.மீ. டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கும் இடத்தில் பழைய டிரம்மை வைப்பது வண்டியை மோசமாக்குவதற்காகச் செலவு செய்வது.

பழைய தோற்றம்தான் வேண்டும் என்றால் வழி வேறு. ஹப் (சக்கரத்தின் நடு உருளை), டிஸ்க், பல் வளையம், ஆக்சில் எல்லாம் புது வண்டியுடையதாகவே இருக்கட்டும். ரிம்மையும் கம்பியையும் மட்டும் மாற்றுங்கள். அதற்கும் முதலில் துளைகளை எண்ணுங்கள். பழைய ஆங்கில பாணி ரிம்களில் 40 துளை சகஜம், இந்திய 100 சி.சி. வண்டிகளில் 36. ஹப்பில் எத்தனையோ ரிம்மிலும் அத்தனை இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும், நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) உட்காரும் குழி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். டிரம் ஹப்புக்குக் குத்திய ரிம்மை அதைவிடச் சிறிய டிஸ்க் ஹப்பில் கட்டினால் கம்பி நிப்பிள் வாயில் வளைந்து நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக ஒடியும்.

ரிம் அகலமும் பாருங்கள். டபிள்யூஎம்2 என்று குத்தியிருந்தால் 1.85 அங்குலம், டபிள்யூஎம்3 என்றால் 2.15. 3.25 டயருக்கு டபிள்யூஎம்2 சரி. 100/90 டயருக்கு டபிள்யூஎம்3 தான் குறைந்தபட்சம். 120/80 டயருக்கு இரண்டுமே போதாது. டயர் பலூன் மாதிரி உருண்டு, வளைவில் வண்டி நெளியும்.

கேள்வி: பழைய டிரம் ஒன்றை வேறு வண்டியின் ஃபோர்க்கில் ஏற்றுகிறேன். டிரம்மில் இருக்கும் பேரிங் 6303. புது ஆக்சில் 20 மி.மீ., பேரிங்கில் நுழையவில்லை. லேத்காரர் “ஆக்சிலை 17-க்குக் கடைந்து தருகிறேன்” என்கிறார். இன்னொருவர் பேரிங் உள் வளையத்தைக் கிரைண்டிங் செய்யலாம் என்கிறார். எது நல்லது?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் வேண்டாம். ஆக்சிலை 20-இலிருந்து 17-க்குக் கடைந்தால் கண்ணுக்கு 3 மி.மீ. தான் குறைகிறது. வளையாமல் நிற்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பாதிக்குப் பக்கம் போய்விடும். உடையாமல் தாங்கும் வலு மூன்றாம் அடுக்கில் போகும். 100 இருந்தது 61 ஆகும். கடைசல் நின்ற முனையில் வெட்டுத்தடம் இருந்தால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். உள் வளையத்தைப் பொறுத்தவரை, அது கண்ணாடி மாதிரி கடினமாக்கிய எஃகு. தேய்க்கும்போது சூடேறினால் கடினம் போகும், வட்டமும் போகும்.

உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. 6303 என்பது உள்விட்டம் 17, வெளிவிட்டம் 47, அகலம் 14. 6204 என்பது 20, 47, 14. வெளியளவும் அகலமும் அச்சு அசல். 6303-ஐத் தட்டி எடுத்துவிட்டு அதே குழியில் 6204-ஐ இறக்கினால் 20 மி.மீ. ஆக்சில் நுழையும். சுமை தாங்கும் திறன் கொஞ்சம் குறையும், சக்கரத்துக்குப் பொருட்டில்லை.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி லேத் வேலை மிச்சம். கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டம்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-லிருந்து ஐந்தால் பெருக்குங்கள். 04 என்றால் 20, 05 என்றால் 25. முதல் இரண்டு இலக்கம் பேரிங்கின் பருமன்: 60 மெலிந்தது, 62 நடுத்தரம், 63 தடித்தது. ஒரே வெளிவிட்டத்தில் வெவ்வேறு ஆக்சிலுக்கு வரும் குடும்பங்கள் இவை:

வெளிவிட்டம் 32: 6201 (உள்விட்டம் 12, அகலம் 10), 6002 (15, 9).
வெளிவிட்டம் 35: 6300 (10, 11), 6202 (15, 11), 6003 (17, 10).
வெளிவிட்டம் 42: 6302 (15, 13), 6004 (20, 12).
வெளிவிட்டம் 47: 6303 (17, 14), 6204 (20, 14), 6005 (25, 12).

6202-ஐ 6003 ஆக்கினால் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. முன் சக்கரத்தில் அது பரவாயில்லை, 350 சி.சி. வண்டியின் பின் சக்கரத்தில் அப்படி இறங்க வேண்டாம். வேகத்தை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார்சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 650 சுற்றுதான் சுற்றுகிறது. பேரிங்குக்கு அது தூக்கம். சக்கர பேரிங்கைக் கொல்வது தண்ணீரும், பக்கவாட்டு நெரிசலும், தளர்ந்த குழியும்.

அகலம் குறையும் இடத்தில் கவனம். 6302-க்குப் பதில் 6004 போட்டால் பேரிங் குழியின் உள்விளிம்பில்தான் உட்காரும். வெளிப்பக்கம் 1 மி.மீ. பள்ளம் விழும். எனவே வெளியே வரும் காலரை (ஆக்சில் மேல் நுழையும் வளையம்) அந்தப் பக்கம் 1 மி.மீ. நீளமாகச் செய்ய வேண்டும். சர்க்ளிப் (பேரிங் வெளியே வராமல் பிடிக்கும் கம்பி வளையம்) உள்ள பக்கமானால் பேரிங்கின் வெளி வளையத்துக்கும் சர்க்ளிப்புக்கும் நடுவே 1 மி.மீ. வளையம் ஒன்று. அது உள் வளையத்தைத் தொடக் கூடாது.

இன்னொன்றும் மாறும்: இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் குழாய், அதாவது டிஸ்டன்ஸ் பீஸ். 17 மி.மீ. துளையுள்ள பழையதில் 20 ஆக்சில் போகாது. புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். சீம்லெஸ் பைப் அல்லது இஎன்8 ரக எஃகுக் கம்பி, உள்விட்டம் 20.2 முதல் 20.3, வெளிவிட்டம் 26. அதைவிடத் தடிமனாக விட்டால் அதன் முகம் உள் வளையத்தைத் தாண்டி சீலில் உரசும். நீளம் பழைய டிஸ்டன்ஸ் பீஸின் நீளமே, இம்மி மாறாமல். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க, இரண்டையும் ஒரே பிடிப்பில் அல்லது மாண்ட்ரலில் (துளைக்குள் நுழைத்துப் பிடிக்கும் தண்டு) வைத்துத் தட்டையாக்கச் சொல்லுங்கள். இதில் லேத்காரர் அவசரப்பட்டால் மொத்த வேலையும் வீண்.

கேள்வி: டிரம் மாற்றிய பிறகு ஆக்சில் நட்டை முழுதாக இறுக்கினால் சக்கரம் சுற்ற மறுக்கிறது. கால் சுற்று தளர்த்தினால் நன்றாகச் சுற்றுகிறது. மெக்கானிக் “அப்படியே விட்டு ஸ்ப்ளிட் பின் போட்டுடலாம்” என்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: விடாதீர்கள். நட்டு உங்களுக்கு உண்மையைச் சொல்கிறது. டிஸ்டன்ஸ் பீஸ் குட்டையாக இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

ஆக்சிலை இறுக்கும்போது நெரிசல் எந்த வழியாகப் போகிறது என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்க ஃபோர்க், காலர், பேரிங்கின் உள் வளையம், டிஸ்டன்ஸ் பீஸ், மறுபக்க உள் வளையம், காலர், மறுபக்க ஃபோர்க். இது ஒரே இரும்புத் தூண் மாதிரி நிற்க வேண்டும். சக்கரம் இந்தத் தூணைச் சுற்றி, வெளி வளையங்களில் சுழல வேண்டும். டிஸ்டன்ஸ் பீஸ் அரை மி.மீ. குட்டையானால் தூண் அறுந்துபோகிறது. இரண்டு உள் வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபட, குண்டுகள் பள்ளத்தின் ஓரத்தில் ஏறி நெரிபடும். நேர்ச்சுமை தாங்கச் செய்த பேரிங் பக்கவாட்டில் அரைபட்டு, சில நூறு கிலோமீட்டரிலேயே கரகரக்கும்.

நட்டைத் தளர்வாக விட்டால் அந்த நேரத்துக்குச் சுற்றும். ஆனால் அப்போது ஆக்சில் உள் வளையத்துக்குள் உருண்டு தேயும், ஃபோர்க் முனை ஆடும், டிஸ்க் இருந்தால் காலிப்பருக்குள் தட்டு அலையும்.

கழற்றி இப்படி அளந்து பாருங்கள். ஒரு பேரிங் குழியின் உள்விளிம்பிலிருந்து மறு குழியின் உள்விளிம்பு வரை வெர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியால் அளங்கள். டிஸ்டன்ஸ் பீஸ் அந்த அளவுக்குச் சமமாகவோ 0.1 மி.மீ. அதிகமாகவோ இருக்க வேண்டும். குறைவாக ஒருபோதும் கூடாது. 0.3-க்கு மேல் அதிகமானால் எதிர்ப்பக்கம் கெடும்: இரண்டாவது பேரிங் குழியின் அடியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

மாட்டும்போது சர்க்ளிப் அல்லது நிலைவிளிம்பு உள்ள பக்கத்து பேரிங்கை முதலில், அடிவரை இறக்குங்கள். டிஸ்டன்ஸ் பீஸை நுழையுங்கள். மறக்கிறவர்கள் அதிகம், மறந்தால் எல்லாவற்றையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு இரண்டாவது பேரிங், டிஸ்டன்ஸ் பீஸைத் தொட்டவுடன் நிறுத்துங்கள். விரலை உள்ளே விட்டு டிஸ்டன்ஸ் பீஸைத் தள்ளினால் லேசான பிடிப்போடு நகர வேண்டும். கடகடவென்று ஆடினால் பேரிங் இன்னும் இறங்க வேண்டும். அசையவே இல்லை என்றால் அதிகம் இறங்கிவிட்டது; எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிறு தட்டு போதும்.

சுத்தியலால் உள் வளையத்தில் அடிக்காதீர்கள். பழைய பேரிங்கின் வெளி வளையத்தை ஓரம் லேசாகத் தேய்த்து வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல பஞ்ச் கிடையாது. அலுமினிய டிரம் என்றால் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்குங்கள். ஒரு துளி தண்ணீர் பட்டால் சுரீரென்று காய்ந்து போக வேண்டும், அதுதான் அடையாளம். பேரிங்கை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். 47 மி.மீ. குழி இந்தச் சூட்டில் கிட்டத்தட்ட 0.08 மி.மீ. விரியும், பேரிங் 0.02-க்கு மேல் சுருங்கும். கையால் அழுத்தினாலே இறங்கும் அளவுக்கு இது போதும். கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் காட்டினால் டிரம் கோணும். ஹாட் ஏர் கன் நல்லது.

வெளியே எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். எடுக்கும்போது உள் வளையத்தில் அடித்துத்தான் எடுத்திருப்பீர்கள். அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் போயிருக்கும்.

கேள்வி: பேரிங் குழி தளர்ந்துவிட்டது. பேரிங் கையாலேயே நுழைகிறது. குழியைச் சுற்றிப் பஞ்ச் குத்தினால் போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: குத்திய புள்ளிகளில் மட்டும் பேரிங் தொங்கும். அலுமினியம் மெத்தென்றது, ஒரு மாதத்தில் அந்த மேடுகள் மட்டமாகி, வெளி வளையம் குழிக்குள் சுழல ஆரம்பிக்கும். பிறகு குழி நீள்வட்டமாகும்.

இடைவெளி 0.05 மி.மீ. அளவில்தான் என்றால், குழியையும் பேரிங்கையும் தின்னரால் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, பேரிங் ரிடெய்னர் பசை தடவி இறக்குங்கள். லாக்டைட் 641 மாதிரி, பிற்பாடு கழற்றக்கூடிய ரகம் வாங்குங்கள். ஒரு இரவு வண்டியைத் தொடாதீர்கள். பசை சீல் பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 0.1-ஐத் தாண்டினால் குழியைப் போரிங் செய்து புஷ் (குழியின் உள்ளே அணைத்து நிற்கும் வளையம்) இறக்க வேண்டும். புஷ் சுவர் 2 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. டிரம்மின் சுவரில் அவ்வளவு சதை இல்லையென்றால் வேறு டிரம் தேடுங்கள். சென்னையில் புதுப்பேட்டையில் பழைய டிரம் கிடைக்கும். போகும்போது ஒரு புது பேரிங்கைப் பையில் எடுத்துப்போய் அங்கேயே நுழைத்துப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கேள்வி: பழைய ஆங்கிலேய வண்டி ஹப் ஒன்று கிடைத்தது. 6204 போட்டுப் பார்த்தேன், அரை மி.மீ. ஆடுகிறது. குழி தேய்ந்துவிட்டதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தேயாமலும் இருக்கலாம். அது அங்குல பேரிங்குக்கான குழி. ஆர்எல்எஸ்6 என்ற பேரிங்கின் அளவு முக்கால் அங்குலம், ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம், அகலம் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒன்பது பங்கு. மி.மீ. கணக்கில் 19.05, 47.625, 14.29. பார்வைக்கு 6204-இன் அண்ணன். வெர்னியர் இல்லாமல் கையால் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள்.

47.625-க்கும் 47-க்கும் உள்ள இடைவெளியைத் தகடு சுற்றி அடைக்க முடியாது. ஒரு பக்கத்துக்கு 0.3 மி.மீ. தகடு நிற்காது. அதே ஆர்எல்எஸ்6-ஐத் தேடி வாங்கி, ஆக்சிலையும் முக்கால் அங்குலத்துக்குச் செய்யுங்கள். 20 மி.மீ. ஆக்சில் கட்டாயம் என்றால் குழியைப் பெரிதாக்கிப் புஷ் வைத்து 6204-க்குக் கொண்டுவாருங்கள். அந்தக் கால ஹப்களில் சில பக்கம் பேரிங்கைத் தாங்கும் மரைவளையம் இடதுமரையாக இருக்கும். எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்று தெரியாமல் உளி வைத்துத் தட்டாதீர்கள்.

கேள்வி: பேரிங் வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ், இசட்இசட், சி3 என்கிறார்கள். எது வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2ஆர்எஸ். இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்பது தகர மூடி; தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சி3 என்பது உள்ளே குண்டுகளுக்குச் சற்று அதிக இடைவெளி. சூடேறும் மோட்டார்களுக்கு ஏற்றது. சக்கரத்துக்கு அவசியமில்லை, அது மட்டும்தான் கிடைத்தால் தவறுமில்லை. சீல் உள்ளதைத் திறந்து கிரீஸ் திணிக்காதீர்கள். சீல் இல்லாத பழைய ரகமானால் உள்வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு கிரீஸ் போதும்; நிறைய அடைத்தால் அது சூடாகி பிரேக் பக்கம் ஒழுகும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பம்ப்பின் பீச்சலை ஆக்சில் நட்டுக்கு நேரே காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹன்டர் 350 மெட்ரோ வைத்திருக்கிறேன். முன்னால் ஹன்டரின் இன்னொரு ரகமான ரெட்ரோவின் கம்பிச் சக்கரம் போட ஆசை. நண்பர் ஒருவர் 19 அங்குலமே போடலாம் என்கிறார். ஏபிஎஸ் விளக்கு எரியுமா?
– வாசகர், மதுரை

பதில்: மெட்ரோவின் முன் டயர் 110/70-17, விட்டம் 586 மி.மீ. ரெட்ரோவினுடையது 100/80-17, விட்டம் 592. ஒரு சதவீத வித்தியாசம். ஏபிஎஸ் கணினி முன் பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்; காற்று குறைந்த டயரே இந்த அளவு மாறும் என்பதால் ஒரு சதவீதத்துக்கு அது முகம் சுளிக்காது. ஆனால் வாங்கும் சக்கரத்தின் பல் வளையத்தில் உங்களுடையதில் உள்ள அதே எண்ணிக்கை இருக்கிறதா என்று எண்ணுங்கள். டிஸ்க் தட்டு காலிப்பரின் நடுவில் ஓடுகிறதா, சென்சாருக்கும் வளையத்துக்கும் இடைவெளி பழையபடியே இருக்கிறதா என்பதையும் தகட்டு கேஜ் வைத்துப் பாருங்கள். பழைய இடைவெளியைக் கழற்றும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பிறகு கேட்டால் பதில் இருக்காது.

19 அங்குல யோசனையை விட்டுவிடுங்கள். 100/90-19 போட்டால் விட்டம் 663. 13 சதவீதம் கூடுகிறது. முன் ஆக்சில் தரையிலிருந்து 38 மி.மீ. உயரும், வண்டியின் முகம் நிமிரும், வளைவில் திரும்பச் சோம்பும், டயர் மட்கார்டில் தட்டும். முன் சக்கரம் எப்போதும் பின் சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்றுவதாக ஏபிஎஸ் நினைக்கும். ஒன்று, கோளாறு என்று விளக்கைப் போட்டுத் தன்னை அணைத்துக்கொள்ளும். இன்னொன்று, சக்கரம் வழுக்குகிறது என்று எண்ணித் தேவையில்லாத நேரத்தில் பிரேக்கை விடுவிக்கும். இரண்டாவதுதான் பயங்கரம்.

பின்பக்கம் ரெட்ரோ சக்கரம் வேண்டாம். அது டிரம் பிரேக்குக்கானது.

கேள்வி: கிராமத்துச் சாலையில் அலாய் வீல் இரண்டு முறை விரிசல் விட்டுவிட்டது. 100 சி.சி. வண்டி. அதே கம்பெனியின் பழைய கம்பிச் சக்கரம் மாட்டலாமா? டியூப்லெஸ் டயரையே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: இந்தப் பட்டியலிலேயே சுலபமான வேலை இதுதான். இரண்டு சக்கரமும் டிரம், அளவு பெரும்பாலும் 18 அங்குலம், பழைய 2.75-18 டயருக்கும் இப்போதைய 80/100-18-க்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டிரம்மின் உள்விட்டம் ஒன்றா என்று அளங்கள். 130 மி.மீ. டிரம் என்றால் தேய்மான எல்லை 131 என்று டிரம்மிலேயே வார்த்திருப்பார்கள். அதைத் தாண்டியிருந்தால் இரும்பு விலைக்குப் போடுங்கள். பிரேக் பிளேட் உங்கள் புது வண்டியுடையதே இருக்கட்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சி.சி. வரையிலான வண்டிகளில் ஒரு பெடலை மிதித்தால் இரண்டு பிரேக்கும் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. பழைய பிளேட்டில் அதற்கான கேபிள் இடம் இருக்காது. பழைய ஷூக்களைப் போடாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம் தூசியைக் கம்ப்ரஸரால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

டியூப்லெஸ் டயரை டியூப் வைத்து ஓட்டலாம். டியூப் இல்லாமல் ஓட்ட முடியாது. நிப்பிள் துளை வழியாகக் காற்று போகும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், பழைய ரிம்மில் டயர் விளிம்பை நழுவாமல் பிடிக்கும் மேடு கிடையாது. காற்று குறைந்தால் டயர் ரிம்மிலிருந்து உருவிக்கொள்ளும். நிப்பிள் தலைகளை மறைக்கும் ரப்பர் பட்டையைப் புதிதாகப் போடுங்கள்.

பெண்டு எடுப்பவரிடம் கொடுக்கும் முன் ஆக்சிலைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், 0.2 மி.மீ.-க்கு மேல் வளைந்திருந்தால் மாற்றுங்கள். ரிம்மின் ஆட்டம் பக்கவாட்டிலும் ஏற்ற இறக்கத்திலும் 2 மி.மீ. எல்லை, நல்ல கைக்காரர் 1-க்குள் கொண்டுவருவார். முதல் 200 கிலோமீட்டரில் கம்பிகள் தம் இடத்தில் அமரும்போது தளரும். அப்போது சாவியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும். மொத்தென்று ஒலிப்பது தளர்ந்தது. கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாக முறுக்காதீர்கள்.

கேள்வி: சக்கரம் மாற்றினால் ஆர்.டி.ஓ.-வில் பிரச்சினை வருமா?
– வாசகர், வேலூர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதே மாடலின் கம்பிச் சக்கரத்தை அதே அளவில் போடுவது ஒன்று. ஏபிஎஸ்ஸைக் கழற்றுவது வேறு: 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.-க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். அதை நீக்கிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்க்கப்போவது அந்தச் சக்கரத்தைத்தான். கழற்றிய அசல் சக்கரத்தை விற்காமல் பரணில் போட்டு வையுங்கள்.